அடுத்த பக்கம் தயாரா? வாசிப்பைப் பழக்கமாக்க ஒரு வழிகாட்டி

வாசிப்பு விட்டுப்போனவர்களிடம் காரணம் கேட்டால் "நேரம் இல்லை" என்பார்கள். கொஞ்சம் துருவினால் வேறொன்று வெளியே வரும். கடைசியாக ஒரு புத்தகத்தை ரசித்து முடித்திருப்பார்கள். அதன்பின் எதை எடுப்பது என்று தெரியாமல் நாலு நாள் போயிருக்கும், அந்த நாலு நாள் நாலு மாதமாகியிருக்கும். இல்லாவிட்டால் ஒரு தடித்த புத்தகம் நூறாம் பக்கத்தில் மூச்சு வாங்கி நின்றிருக்கும். அதை முடிக்காமல் இன்னொன்றைத் தொட மனசு வந்திருக்காது. பழக்கம் அறுவது பெரும்பாலும் இந்த இரண்டு இடங்களில்தான். உட்கார்ந்தால் வாசிக்க ஒரு பக்கம் தயாராக இல்லாத நாட்களில்.

ஆகவே கீழே சொல்லும் எல்லா வேலைகளுக்கும் நோக்கம் ஒன்றே: எப்போது கை நீட்டினாலும் அடுத்த பக்கம் அகப்பட வேண்டும்.

முதலில் வேகத்தை அளந்துகொள்ளுங்கள்

ஒரு புத்தகத்தை எடுத்து, பத்து நிமிடத்துக்கு அலாரம் வைத்து, வழக்கம்போல் வாசியுங்கள். மணியடித்ததும் எத்தனை பக்கம் ஆயிற்று என்று எண்ணுங்கள். சாதாரண எழுத்தளவில் அச்சிட்ட நாவல் என்றால் பலருக்கும் நாலு முதல் ஆறு பக்கம் வரும். ஐந்து என்று வைத்துக்கொண்டால், தினமும் 15 நிமிடம் வாசித்தாலே நாளைக்கு ஏழு பக்கம் தாண்டும். ஒரு வருடத்துக்கு 2,555 பக்கம். 200 பக்கப் புத்தகங்கள் பன்னிரண்டு. வருடத்தில் அறுபது நாள் தவறிப்போனாலும் பத்து புத்தகம் தேறும். இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்த்தவர்கள் "நேரம் இல்லை" என்று சொல்வதை நிறுத்திவிடுவார்கள்.

வேகம் குறைவாக வந்தால் கவலை வேண்டாம். ஆங்கிலத்தில் மௌன வாசிப்பின் சராசரி வேகம் நிமிடத்துக்கு 238 சொற்கள் என்று மார்க் பிரைஸ்பார்ட் 190 ஆய்வுகளைத் தொகுத்து 2019-இல் கணக்கிட்டார். அது கட்டுரை வகைக்கு; புனைவுக்கு 260. இந்த எண்ணைத் தமிழுக்குப் பொருத்திப் பார்த்து மனம் உடைபவர்கள் உண்டு. "போய்க்கொண்டிருந்தவனிடமிருந்து" என்பது நமக்கு ஒரே சொல். ஆங்கிலத்தில் இதைச் சொல்ல ஆறேழு சொற்களாவது வேண்டும். சொல் எண்ணிக்கையை மொழி மாற்றி ஒப்பிடுவதில் பொருளே இல்லை.

வேக வாசிப்புப் பயிற்சிகளில் பணம் கட்டுவதற்கு முன் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். கீத் ரெய்னரும் உடனிருந்த ஆய்வாளர்களும் 2016-இல் வெளியான கட்டுரையில் இந்தத் துறையை முழுசாக அலசினார்கள். வேகம் ஏறினால் புரிதல் இறங்கும், இரண்டையும் சேர்த்து உயர்த்தும் குறுக்குவழி கிடையாது என்பதுதான் அவர்கள் கண்டது. நிறைய வாசிப்பவர்களுக்கு வேகம் தானாக வரும், ஏனென்றால் அவர்களுக்குச் சொற்கள் பழகிப்போயிருக்கின்றன.

ஏற்கெனவே செய்கிற வேலையில் கொக்கி மாட்டுங்கள்

"தினமும் இரவு ஒன்பது மணிக்கு வாசிப்பேன்" என்ற தீர்மானம் சீக்கிரம் உடைந்துவிடும். ஒன்பது மணிக்கு யாராவது போன் செய்வார்கள், வேலை இழுக்கும். கடிகாரத்தைவிட ஒரு செயல் நம்பகமானது. எப்படியும் நாள் தவறாமல் செய்கிற ஒன்றைத் தேர்ந்தெடுத்து அதன் வாலில் வாசிப்பைக் கட்டுங்கள்: "பல் தேய்த்து முடித்ததும் நாற்காலியில் உட்கார்ந்து புத்தகத்தைத் திறப்பேன்", "ரயிலில் இடம் கிடைத்ததும் பையிலிருந்து எடுப்பேன்". "இது நடந்தால் அதைச் செய்வேன்" என்ற வடிவில் முடிவெடுப்பவர்கள் வெறும் ஆசையோடு நிற்பவர்களைவிட அதிகம் செய்து முடிக்கிறார்கள் என்பதை உளவியலாளர் பீட்டர் கோல்விட்ஸர் பல ஆய்வுகளில் காட்டியிருக்கிறார்.

அளவை மிகச் சிறிதாக வையுங்கள். இரண்டு பக்கம் போதும். காய்ச்சல் வந்த நாளிலும், வீடு மாற்றுகிற நாளிலும் முடிகிற அளவாக அது இருக்க வேண்டும். மனம் இருந்தால் இருபது பக்கம் வாசியுங்கள், யாரும் தடுக்கப்போவதில்லை. ஆனால் அன்றைய கடன் இரண்டோடு தீர்ந்தது. தொடங்கும்போதே "ஒரு நாளைக்கு 50 பக்கம்" என்று வைத்துக்கொள்பவர்கள் மூன்றாம் நாள் 30 பக்கம் வாசித்துவிட்டும் தோற்றுப்போன உணர்வோடு படுக்கிறார்கள். வாசித்ததற்கே குற்ற உணர்வு வந்தால் யார்தான் மறுபடி வருவார்கள்?

எத்தனை நாளில் பழகும்? 21 நாள் என்று ஊரெல்லாம் சொல்வதை நம்ப வேண்டாம். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலி குழுவினர் 96 பேரை வைத்துப் பார்த்தபோது, ஒரு புதுச்செயல் தானாக நடக்கும் நிலைக்கு வர நடுவளவில் 66 நாள் ஆனது. ஆளுக்கு ஆள், செயலுக்குச் செயல் அது 18-இலிருந்து 254 நாள் வரை மாறியது. அந்த ஆய்வில் இன்னொரு ஆறுதலும் உண்டு: நடுவில் ஒரு நாள் தவறியது பழக்கம் உருவாவதைக் குறிப்பிடும்படி பாதிக்கவில்லை. தவறிய நாளைச் சமன்செய்ய மறுநாள் இரட்டிப்பாக வாசிக்க வேண்டியதில்லை. அதே இரண்டு பக்கம்தான்.

எங்கே நிறுத்துவது என்பதிலும் ஒரு நுட்பம் உண்டு. அத்தியாயம் முடிகிற இடத்தில் நிறுத்தாதீர்கள். அங்கே எல்லாம் அடங்கிவிடும். மறுநாள் வண்டியை முதலிலிருந்து தள்ள வேண்டும். ஒருவர் கதவைத் தட்டிவிட்டு நிற்கிறார், உள்ளே யார் என்று இன்னும் தெரியவில்லை. அந்த இடத்தில் மூடுங்கள். மறுநாள் கை தானாகப் போகும்.

படுக்கை வாசிப்பின் சிக்கல்

புதியவர்களில் பாதிப்பேர் தூங்கும் முன் வாசிக்கலாம் என்றுதான் தொடங்குகிறார்கள். நல்ல நேரம்தான், ஆனால் அது ஒன்றே நேரமாக இருக்கக் கூடாது. களைத்த மூளை மூன்று பக்கத்தில் சரியும். மறுநாள் எங்கே விட்டோம் என்று தெரியாமல் அதே மூன்று பக்கத்தை மறுபடி வாசிப்பீர்கள். பத்து நாளில் அந்தப் புத்தகத்தைப் பார்த்தாலே கொட்டாவி வரும். பழி புத்தகத்தின் மேல் விழும். முக்கியமான புத்தகத்தைப் பகலில், விழிப்பான பத்து நிமிடத்துக்கு ஒதுக்குங்கள். படுக்கைக்குத் தனியாக ஒன்று வையுங்கள்: எங்கே திறந்தாலும் தொடரலாம் என்ற வகையில் சின்னக் கட்டுரைகள், கடிதங்கள், ஏற்கெனவே வாசித்துப் பிடித்துப்போன நாவல்.

படுக்கையில் ஒளிவிடும் திரையைத் தவிர்க்கலாம். 2015-இல் வெளியான ஓர் ஆய்வில், தூங்கும் முன் சில மணிநேரம் ஒளிவிடும் கருவியில் வாசித்தவர்களுக்கு, அச்சுப் புத்தகம் வாசித்த நாட்களைவிடத் தூக்கம் தள்ளிப்போனது. பங்கேற்றவர்கள் 12 பேர்தான், சின்ன ஆய்வு. இருந்தாலும் போனைத் தலைமாட்டில் வைத்துக்கொள்ளாமலிருக்க இதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு: வாசிக்கத் திறந்த போனில் வாசிப்பு மட்டும் நடப்பதில்லை.

புத்தகம் கிடக்க வேண்டிய இடம்

அலமாரி என்பது வாசித்து முடித்த புத்தகங்களின் இடம். வாசித்துக்கொண்டிருக்கும் புத்தகம் கொக்கி மாட்டிய இடத்தில் கிடக்க வேண்டும். நாற்காலிக்குப் பக்கத்தில், அட்டை மேலே தெரிய, அதன் மேல் வேறெதுவும் வைக்காமல். செய்தித்தாளுக்கும் பில்லுக்கும் அடியில் போன புத்தகம் ஒரு வாரத்தில் மறந்துவிடும். போனை எதிர்த்திசையில் வையுங்கள். எழுந்து நாலடி நடந்தால்தான் எட்டும் என்ற தூரம் போதும். அலாரம் அவசியம் என்றால் சாதாரணக் கடிகாரம் வைத்துக்கொள்ளலாம்.

வெளிச்சம் தோளுக்குப் பின்னாலிருந்து, சற்று மேலிருந்து பக்கத்தில் விழ வேண்டும். குறிப்பெழுதும் பழக்கம் இருந்தால் விளக்கு எழுதும் கைக்கு எதிர்ப்பக்கம் இருக்கட்டும், கையின் நிழல் எழுத்தில் விழாது. புத்தகத்துக்கும் கண்ணுக்கும் முழங்கையிலிருந்து விரல்முட்டி வரையான தூரம், அதாவது 35 முதல் 40 செ.மீ. இருபது நிமிடத்துக்கு ஒருமுறை, இருபது அடிக்கு அப்பாலுள்ள எதையாவது இருபது நொடி பாருங்கள்.

நாற்பதைத் தாண்டியவர்களுக்கு ஒரு சொல். "முன்பெல்லாம் நிறைய வாசிப்பேன், இப்போது மனம் ஒன்றவில்லை" என்று சொல்பவர்களில் பலருக்கு மனதில் கோளாறு ஒன்றும் இல்லை, வெள்ளெழுத்து வந்திருக்கும். புத்தகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிப் பிடிப்பார்கள், பத்து நிமிடத்தில் நெற்றி வலிக்கும், அதைச் சலிப்பு என்று நினைத்து மூடிவைப்பார்கள். முதலில் கண்ணைப் பரிசோதியுங்கள். சோம்பேறி என்று தன்னைத் திட்டிக்கொள்வதைப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

முதல் மூன்று புத்தகங்கள்

"கட்டாயம் வாசிக்க வேண்டிய நூறு" போன்ற பட்டியலோடு தொடங்காதீர்கள். அந்தப் பட்டியல்கள் முப்பது வருடம் வாசித்தவர்கள் திரும்பிப் பார்த்துப் போட்டவை. முதல் மூன்றும் 200 பக்கத்துக்குள் இருக்கட்டும். நண்பர்களோடு பேச உட்கார்ந்தால் எந்தப் பேச்சை நீங்களே இழுப்பீர்களோ, அதைப் பற்றியதாக இருக்கட்டும். கிரிக்கெட்டோ குற்றக்கதையோ பறவையோ பழைய கோயிலோ, எதுவும் மட்டமில்லை. சிறுவயதில் பிடித்த புத்தகத்தை மறுபடி வாசிப்பதும் நல்ல தொடக்கம். ஆட்களின் பெயரும் ஊரும் ஏற்கெனவே தெரியும் என்பதால் கதைக்குள் நுழைய முட்ட வேண்டியதில்லை.

சிறுகதைத் தொகுப்பில் தொடங்கச் சொல்லும் அறிவுரை பரவலாகக் கேட்கும். எங்கள் கருத்து நேர்மாறானது. எந்தப் படைப்பிலும் தொடக்கம்தான் செங்குத்தான ஏற்றம்: யார் யாருக்கு என்ன உறவு, எந்த ஊர், எந்தக் காலம், சொல்பவர் யார். நாவலில் அந்த ஏற்றத்தை ஒருமுறை ஏறினால் போதும், மிச்சம் சமவெளி. பதினைந்து கதைகள் கொண்ட தொகுப்பில் பதினைந்து முறை ஏற வேண்டும். கொஞ்சம் பழகிய கால்களுக்குத்தான் அது இன்பம்.

தேர்வு செய்யும்போது பின்னட்டை வாசகத்தை நம்பாதீர்கள், அது விற்பதற்கு எழுதியது. முதல் பக்கத்தையும் நடுவிலிருந்து ஒரு பக்கத்தையும் வாசியுங்கள். முதல் பக்கத்தை எல்லோரும் மெருகேற்றியிருப்பார்கள். நடைக்கு நடுப்பக்கமே சாட்சி. அந்தப் பக்கத்தில் பொருள் தெரியாத சொல் வரும்போதெல்லாம் ஒரு விரலை மடக்குங்கள். ஐந்து விரலும் மடங்கிவிட்டால் அந்தப் புத்தகம் இப்போதைக்குக் கனம். இது கைக்கணக்குத்தான், ஆனால் ஆய்வும் ஏறக்குறைய இங்கேதான் வந்து நிற்கிறது. இரண்டாம் மொழியில் கதை வாசிப்பவர்களை வைத்து 2000-இல் செய்த ஆய்வொன்று, துணையில்லாமல் புரிந்து வாசிக்க நூற்றுக்கு 98 சொற்களாவது தெரிந்திருக்க வேண்டும் என்றது. 250 சொல் உள்ள பக்கத்தில் ஐந்து சொல் என்றால் சரியாக இரண்டு சதவீதம்.

நாவலின் முன்னுரையை, நாவலை முடித்த பிறகு வாசியுங்கள். யார் சாகிறார்கள் என்பதை மூன்றாவது பத்தியிலேயே சொல்லிவிடும் முன்னுரைகள் நம்மிடம் நிறைய.

உட்கார்ந்த பிறகு

முதல் ஐந்து நிமிடம் இரைச்சலாகத்தான் இருக்கும். கண் வரியில் ஓடும், மனம் காலையில் நடந்த சண்டையில் நிற்கும். எல்லோருக்கும் அப்படித்தான். ஆறாவது நிமிடத்துக்கு மேல் அடங்கும். மூன்றாவது நிமிடத்தில் "இன்று சரிப்படாது" என்று மூடிவைப்பவர்களுக்குத்தான் எந்த நாளும் சரிப்படுவதில்லை.

கண் வரியின் மேல் வழுக்கிக்கொண்டு போவதில்லை. தாவுகிறது, கால் நொடி நிற்கிறது, மறுபடி தாவுகிறது. அந்தத் தாவல்களில் பத்துக்கு ஒன்றாவது பின்னோக்கிப் போகிறது, தேர்ந்த வாசகர்களுக்கும். வாசித்த வரிக்கே மறுபடி போவதைக் குறை என்று நினைக்காதீர்கள். புரிதலைச் சரிபார்க்கும் வேலை அது.

ஆனால் ஒரு முழுப் பக்கம் கண்ணால் கடந்துவிட்டு, ஒரு சொல்கூட உள்ளே போகவில்லை என்று திடுக்கிடும் நேரம் உண்டு. அப்போது பக்கத்தின் தலைக்குப் போகாதீர்கள். மெதுவாகக் கண்ணை மேலே ஏற்றி, "இது தெரியும்" என்று சொல்லும் கடைசி வரியைக் கண்டுபிடியுங்கள். அநேகமாக இரண்டு பத்திக்கு மேல்தான் இருக்கும். பென்சிலால் ஓரத்தில் ஒரு புள்ளி வைத்துவிட்டு அங்கிருந்து தொடருங்கள். ஒரே அமர்வில் மூன்று புள்ளி விழுந்தால் அன்றைக்கு மூடிவிடலாம். புள்ளிகள் ஒரே அத்தியாயத்தில் நாள்தோறும் விழுந்தால் கோளாறு உங்களிடம் இல்லை, எழுத்தில். அந்த அத்தியாயத்தைத் தாவுங்கள்.

மனம் ஒட்டவே மறுத்தால் அரைப்பக்கம் வாய்விட்டு வாசியுங்கள். வட்டார வழக்கில் எழுதிய நாவல்களுக்கு இது கைகண்ட மருந்து. பேச்சுமொழியை அப்படியே எழுத்தில் கொண்டுவந்திருப்பார்கள். "வந்துட்டுருக்காவ", "என்னத்துக்குங்கேன்" என்று கண் முன்னால் நிற்கும்போது புதிராக இருக்கும். உரக்கச் சொன்னால் காது கண்டுபிடித்துக்கொள்ளும். பத்துப் பக்கம் இப்படிக் கடந்தால் அந்தக் குரல் மனதுக்குள் ஏறிவிடும், பிறகு வாயசைக்க வேண்டியிருக்காது.

தெரியாத சொல்லுக்கு உடனே அகராதியைத் தேட வேண்டாம். அடிக்கோடிட்டுக் கடந்துபோங்கள். மூன்றாவது முறையாக அதே சொல் வந்தால், அமர்வு முடிந்த பின் பாருங்கள். அதற்குள் பாதிச் சொற்கள் சூழலிலிருந்தே விளங்கியிருக்கும். ஒரு சொல்லுக்குப் பொருள் பார்க்கப் போனை எடுத்தவர் இருபது நிமிடம் கழித்துத் திரும்புவது எப்படியென்று சொல்லத் தேவையில்லை.

இன்னொரு சின்னக் கருவி: சீட்டு. நாலு விரல் அகலத்தில், புத்தகத்தின் உயரத்துக்குக் கொஞ்சம் குறைவாக, ஒரு வெள்ளைத்தாளை வெட்டிக்கொள்ளுங்கள். அதுவே பக்க அடையாளம். முன்பக்கத்தில் பாத்திரங்களின் பெயரை வரவர எழுதுங்கள்: பெயர், ஓர் அடையாளம், முதலில் வந்த பக்கம். "செல்லம்மா – மூத்த மருமகள், சாவிக்கொத்து – 14" என்றால் போதும். 300 பக்கக் குடும்ப நாவலைப் பத்து நாள் இடைவெளிக்குப் பின் எடுத்தாலும் இரண்டு நிமிடத்தில் உள்ளே போய்விடலாம்.

கைவிடும் உரிமை

அமெரிக்க நூலகர் நான்சி பேர்ல் ஒரு விதி சொன்னார்: 50 பக்கம் வரை வாய்ப்புக் கொடுங்கள், பிடிக்காவிட்டால் மூடுங்கள். ஐம்பது வயது கடந்தவர்கள் நூறிலிருந்து வயதைக் கழித்துக்கொள்ளலாம். அறுபது வயதுக்காரருக்கு 40 பக்கம், எண்பதுக்கு 20. வேடிக்கையாகத் தோன்றினாலும் நியாயமான கணக்கு. எஸ். ஆர். ரங்கநாதன் 1931-இல் வகுத்த நூலகவியலின் ஐந்து விதிகளில், ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல், ஒவ்வொரு நூலுக்கும் அதற்கான வாசகர் என்று இரண்டு உண்டு. அந்த நூலுக்குரிய வாசகர் நீங்களாக இல்லாமலிருக்கலாம், அல்லது இந்த வருடத்து நீங்களாக இல்லாமலிருக்கலாம்.

கடினத்தையும் சலிப்பையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. மூடிவைத்த பிறகும் அதிலிருந்து ஏதாவது ஒன்று மனதில் ஓடிக்கொண்டிருந்தால் அது கடினம். மெதுவாகப் போங்கள், ஒரு நாளைக்கு மூன்று பக்கம் போதும். மூடியதும் சுத்தமாக மறந்துபோனால் சலிப்பு.

விடுவதென்றால் முறையாக விடுங்கள். சீட்டின் பின்பக்கத்தில் தேதி, பக்க எண், ஒரு வரிக் காரணம் எழுதி, புத்தகத்துக்குள்ளேயே வைத்து, அலமாரிக்கு அனுப்புங்கள். இது அலங்காரச் சடங்காகத் தெரியலாம். அப்படிச் செய்யாத பாதிப் புத்தகம் மேசையில் கடன்காரனைப்போல் உட்கார்ந்திருக்கும். அதன் முகத்தில் விழிக்கப் பயந்து அந்தப் பக்கமே போகாமல் விட்டுவிடுவோம். ஒரு புத்தகம் பிடிக்காமல்போனதால் எல்லாப் புத்தகமும் நின்றுபோவது இப்படித்தான்.

முடிவதற்கு முப்பது பக்கம் இருக்கும்போது

ஒரே ஒரு ஆலோசனையை மட்டும் எடுத்துக்கொள்வதென்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். கையிலிருக்கும் புத்தகத்தில் முப்பது நாற்பது பக்கம் மிச்சமிருக்கும்போதே அடுத்ததை முடிவு செய்யுங்கள். முடிவு செய்தால் மட்டும் போதாது. அதன் முதல் ஐந்து பக்கத்தை வாசித்துவிட்டு, சீட்டு வைத்து, இப்போதைய புத்தகத்துக்கு அடியில் வையுங்கள். முதலாவது முடிகிற நாளில் இரண்டாவது ஏற்கெனவே தொடங்கியிருக்கும். நல்ல நாவலை முடித்த வெறுமையில் "இனி எதை எடுத்தாலும் இதுபோல் வராது" என்ற எண்ணம் எழும். அந்த மனநிலையில் அலமாரி முன் நின்று தேர்வு செய்தால் எதுவும் தேறாது. அதனால்தான் முன்கூட்டியே.

காத்திருக்கும் புத்தகங்கள் மூன்றுக்கு மேல் கண்ணில் பட வேண்டாம். ஜப்பானியர்கள் வாங்கி வாங்கி வாசிக்காமல் அடுக்குவதற்கென்றே சுண்டோக்கு என்று ஒரு சொல் வைத்திருக்கிறார்கள். வாங்குவது தவறில்லை, அதுவும் ஒரு இன்பம். ஆனால் நாற்பது புத்தகம் ஒரே நேரத்தில் கூப்பிட்டால் எதற்கும் பதில் சொல்லத் தோன்றாது. மிச்சத்தை உள்ளே வைத்துவிடுங்கள்.

அடுத்தது எடை மாற்றி வரட்டும்: கனமான வரலாற்றுக்குப் பின் மெல்லிய நாவல், துயரக்கதைக்குப் பின் பயணநூல். ஓர் எழுத்தாளரைப் பிடித்துப்போய் வரிசையாக ஐந்து நூலையும் வாசிப்பவர்கள் அநேகமாக மூன்றாவதில் களைப்பார்கள், அவருடைய உத்திகள் தெரிய ஆரம்பித்துவிடும். நடுவில் வேறொருவரைச் செருகினால் அந்த எழுத்தாளர் உங்களுக்கு நெடுநாள் வருவார்.

ஒரே நேரத்தில் மூன்று வரை வாசிக்கலாம், மூன்றும் மூன்று வகையாக இருந்தால். இரண்டு குடும்ப நாவல்களைச் சேர்த்து வாசித்தால் ஒன்றின் மாமியார் மற்றதில் நுழைந்துவிடுவார்.

நல்ல புத்தகத்துக்கு வழிகாட்டுவதில் இன்னொரு நல்ல புத்தகத்தை மிஞ்ச ஆளில்லை. பிடித்த கட்டுரை நூலின் கடைசியிலுள்ள நூற்பட்டியலைப் பாருங்கள்; பிடித்த மொழிபெயர்ப்பு என்றால் அதே மொழிபெயர்ப்பாளர் வேறென்ன செய்திருக்கிறார் என்று தேடுங்கள். நூலகத்தில் ஒரு புத்தகம் பிடித்தால் அது இருந்த தட்டுக்கே போய் இடமும் வலமும் பத்துப் புத்தகங்களைப் புரட்டுங்கள். ஒரே பொருள் ஒரே எண்ணின் கீழ் வரும்படிதான் நூலகங்கள் அடுக்குகின்றன. திருப்பித் தர வேண்டிய தேதி இருப்பதும் நல்லதுதான், அதட்டாமல் நினைவூட்டும்.

மறந்துபோகிறதே என்றால்

மறக்கத்தான் செய்யும். ஹெர்மன் எபிங்ஹாஸ் பொருளற்ற அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, தன் மறதியைத் தானே அளந்து 1885-இல் வெளியிட்டார்; முதல் நாளிலேயே பெரும்பகுதி கரைகிறது. அதற்கு மருந்தாக மறுபடி வாசிக்கத் தோன்றும். ரோடிகரும் கார்பிக்கியும் 2006-இல் செய்த சோதனை வேறு வழியைக் காட்டியது. ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது மறுபடி வாசித்தவர்கள் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது, புத்தகத்தைப் பார்க்காமல் நினைவிலிருந்து சொல்லிப் பார்த்தவர்கள் முந்தினார்கள். எனவே அமர்வு முடிந்ததும் மூடிவைத்து, இன்று என்ன நடந்தது என்று இரண்டு வாக்கியம் மனதுக்குள் சொல்லுங்கள். வீட்டில் யாரிடமாவது சொன்னால் இன்னும் நல்லது, அவர்கள் பொறுத்துக்கொள்வார்கள் என்றால்.

சொந்தப் புத்தகம் என்றால் கடைசி வெற்றுத்தாளில் உங்களுக்கான சுட்டி ஒன்றைப் பென்சிலால் எழுதிவாருங்கள். இப்படி இருக்கும்:

37 – மழை விட்ட பிறகு மாட்டைத் தேடும் இடம்
88 – அப்பாவின் கடிதம்
112 – கிழவி பொய் சொல்கிறாளா? 41-ஐப் பார்
203 – "ஆமாம்" என்று மட்டும் சொல்கிறாள்

பத்து வருடம் கழித்துப் புரட்டும்போது இந்த நாலு வரி அந்த நாவலையே திரும்பக் கொண்டுவரும். இரவல் புத்தகமோ நூலகப் புத்தகமோ என்றால் சுட்டி சீட்டில் போகட்டும். இதற்கு மேல் குறிப்பு வேண்டாம். ஒவ்வொரு நாவலுக்கும் இரண்டு பக்கச் சுருக்கம் எழுதுவேன் என்று இறங்குபவர்கள், மூன்றாவது சுருக்கத்துக்குப் பயந்தே நாலாவது நாவலைத் தொடுவதில்லை.

எண்ணிக்கையும் பரிசும்

ஒரு நோட்டில் தொடங்கிய தேதி, முடித்த தேதி, தலைப்பு, பக்கம் இவற்றை எழுதிவையுங்கள். அதற்கு மேல் "வருடத்துக்கு 50" போன்ற இலக்குக்கு நாங்கள் எதிரி. அக்டோபரில் 31-இல் நிற்பவர் தடித்த புத்தகத்தை எடுக்க மாட்டார். மெல்லியதாகப் பொறுக்கி எண்ணிக்கையை நிரப்புவார்.

குழந்தைகளுக்கு இதில் இன்னும் கவனம் தேவை. 1973-இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் மூவரும் ஒரு மழலையர் பள்ளியில் சோதித்தார்கள். படம் வரைவதை ஏற்கெனவே விரும்பிய குழந்தைகளில் ஒரு பகுதியினரிடம் வரைந்தால் பரிசு என்று முன்னாலேயே சொன்னார்கள். சில நாள் கழித்துப் பார்த்தால், அந்தக் குழந்தைகள் தாங்களாக வரைவது மற்றவர்களைவிடக் குறைந்திருந்தது. "ஒரு புத்தகம் முடித்தால் ஒரு பொம்மை" என்பதும் அதே ஆபத்துள்ள ஏற்பாடு. அதற்குப் பதில் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்துக் காட்டுங்கள். நடுவில் நிறுத்தச் சொன்னால் நிறுத்துங்கள், அதே கதையை நாற்பதாவது முறை கேட்டால் நாற்பதாவது முறை வாசியுங்கள். எழுத்துக்கூட்டி வாசிக்கத் தெரிந்துவிட்டது என்பதற்காக வாசித்துக் காட்டுவதை நிறுத்திவிட வேண்டாம்.

தாளா, திரையா, காதா

கதைக்குப் பெரிய வித்தியாசம் இல்லை. 54 ஆய்வுகளையும் 1,70,000-க்கும் மேற்பட்ட பங்கேற்பாளர்களையும் தொகுத்துப் பார்த்த 2018-ஆம் ஆண்டு ஆய்வொன்று, தகவல் சார்ந்த நூல்களில் தாளில் வாசித்தவர்களுக்குப் புரிதல் சற்று மேல் என்றது, நேரக் கட்டுப்பாடு இருக்கும்போது இன்னும் கூடுதலாக. கதைகளில் அந்த வேறுபாடு தெரியவில்லை. பாடத்தைத் தாளில் வாசியுங்கள், நாவலை வசதிப்படி. ஒலிநூல் நடைப்பயிற்சிக்கும் வீட்டுவேலைக்கும் நல்ல துணை. வரைபடமும் அட்டவணையும் உள்ள நூலுக்கு உதவாது.

நீண்ட இடைவெளிக்குப் பிறகு

பிரசவம், நோய், தேர்வு, வேலைமாற்றம் என்று ஏதோ ஒன்றில் ஆறு மாதம் போயிருக்கும். திரும்பி வரும்போது விட்ட புத்தகத்திலிருந்து தொடராதீர்கள். அது அந்தப் பழைய நாட்களின் நினைவோடு கிடக்கிறது. 120 பக்கத்துக்குள் ஒன்றை, முடிந்தால் ஏற்கெனவே வாசித்துப் பிடித்ததை எடுங்கள். அளவு மறுபடி இரண்டு பக்கம். பழைய கொக்கி இப்போது இல்லாமல் போயிருக்கலாம் (ரயிலில் போன வேலை மாறி வீட்டிலிருந்தே என்று ஆகியிருக்கும்), புதுக்கொக்கி ஒன்றைத் தேடுங்கள். பலர் இதைத்தான் மறக்கிறார்கள். நேரம் மாறியது தெரியும், கொக்கி போனது தெரியாது.

வருடத்துக்கு ஒருமுறை அலமாரிக்குப் போய், கைவிட்ட புத்தகங்களின் சீட்டுகளை மட்டும் புரட்டிப் பாருங்கள். "வர்ணனை அதிகம்", "ஒன்றும் நடக்கவில்லை" என்று இருபத்தைந்து வயதில் எழுதிவைத்தது இப்போது உங்கள் ருசிக்குப் பொருந்தலாம். எடுத்தால் சீட்டிலுள்ள பக்கத்திலிருந்து தொடங்காமல் முதல் பக்கத்திலிருந்து வாசியுங்கள். பழைய எண்ணைப் பார்க்காமலே அந்தப் பக்கத்தைத் தாண்டிவிட்டிருந்தால், சீட்டின் பின்பக்கத்தை அடித்துவிட்டு முன்பக்கத்தில் பெயர்களை எழுத ஆரம்பிக்கலாம்.